முட்டுக்கட்டையை எடுத்தாலும் வடம் பிடிக்க ஆள் வேண்டும்

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. லாரி ஓட்டுநர், முப்பது வருடப் புகையிலைப் பழக்கம். நாக்கில் புற்றுநோய் வந்து ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்தது. ஒன்பதாவது மாதம் கழுத்தில் திரும்ப வந்துவிட்டது. இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிவோலுமாப் 20 மில்லிகிராம் ஊசி, கூடவே மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகள். ரிப்போர்ட்டில் ‘சி.பி.எஸ். 15’ என்று இருக்கிறது. இன்னும் 15 சதவீதம்தான் பாக்கி என்று அம்மா நம்புகிறார். மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வயிற்றுப்போக்கு. டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்தார், நான்கு நாளில் குறைந்தது. ‘எதிர்ப்பு சக்தியைத் தூண்ட ஊசி போட்டுவிட்டு, அதை அமுக்க மாத்திரையா?’ என்று தம்பி நேற்று அதை நிறுத்திவிட்டான். டாக்டரிடம் சொல்லவில்லை. இதற்கிடையில், ஒரு கிளினிக்கில் என்.கே. செல் என்ற ஒரு வகை வெள்ளணுவை ஏற்றுகிறார்களாம், ஆறு தவணைக்கு 7 லட்சம். ‘டி செல்லை மட்டும் நம்பாதீர்கள், நேரடியாகப் புற்றைக் கொல்லும் செல்லையே ஏற்றுகிறோம்’ என்கிறார்கள். வீட்டு மனையை விற்கலாமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மனை, என்.கே. செல் எல்லாம் பிறகு. முதலில் ஸ்டீராய்டு. நீங்கள் இதைப் படிக்கும் நேரத்திலும் அப்பா அந்த மாத்திரையை எடுக்காமல் இருந்தால், இப்போதே உங்கள் டாக்டருக்கு போன் செய்து நிறுத்திவிட்ட விஷயத்தைச் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நிவோலுமாப் ஊசி இரண்டு நாளில் உடம்பை விட்டுப் போகிற மருந்து இல்லை. அதன் அளவு பாதியாகக் குறையவே மூன்றரை வாரத்துக்கு மேல் ஆகும். அதனால் குடலில் தொடங்கிய வீக்கம் நான்கு நாளில் அடங்கியது போலத் தெரிந்தாலும் உள்ளே காரணம் அப்படியே இருக்கும். ஸ்டீராய்டை நான்கு முதல் ஆறு வாரம் வரை படிப்படியாகக் குறைப்பது அதற்காகத்தான். திடீரென்று விட்டால் பேதி முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். அரிதாகக் குடலில் ஓட்டை விழும் வரைகூடப் போயிருக்கிறது. இரத்தம் கலந்து போனாலோ, வயிறு கல் மாதிரி இறுகி வலித்தாலோ போனுக்குக் காத்திராமல் கிளம்பிவிடுங்கள்.

உங்கள் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன் அம்மா. அவர் கேட்டது நல்ல கேள்வி. ‘எதிர்ப்பு சக்தி’ என்ற சொல்லை நாங்கள் டாக்டர்களே ஏதோ தண்ணீர்த் தொட்டியின் மட்டம் மாதிரிப் பேசிப் பழக்கிவிட்டோம். ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது என்று. உண்மையில் அது பல விதமான செல்கள் ஒன்றை ஒன்று எழுப்பியும் அடக்கியும் செய்கிற கூட்டு வேலை. அந்தக் கிளினிக் சொன்னதில் இருக்கும் ஓட்டையும் இங்கேதான்.

தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கூடவே நடந்து வருவார்கள். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில். டி செல் என்பது புற்றைத் தாக்கும் ஒரு வகை வெள்ளணு. அதன் மேல் இருக்கும் பி.டி-1 என்ற புரதம் அப்படி ஒரு முட்டுக்கட்டை. நிவோலுமாப் அதை உருவி எடுக்கிறது. ஆனால் முட்டுக்கட்டையை எடுத்ததாலேயே தேர் நகர்ந்துவிடாது. வடம் பிடிக்க ஆள் வேண்டும். அப்புறம், முட்டுக்கட்டையே இல்லாமல் ஓடுகிற தேர் தெருமுனையில் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறிவிடும். அப்பாவின் குடலில் நடந்தது அதுதான். ஸ்டீராய்டு அங்கே கொஞ்ச நேரத்துக்கு வைக்கிற கட்டை. பக்கவிளைவுக்காக ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு அதனாலேயே ஊசியின் பலன் போய்விடுவதில்லை என்றுதான் பெரும்பாலான ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இதைத் தம்பிக்குப் படித்துக் காட்டுங்கள்.

சரி, வடம் பிடிப்பவர்கள் யார்? அப்பாவின் ரிப்போர்ட்டிலிருந்தே தொடங்கலாம்.

சி.பி.எஸ். 15 என்றால் நோய் 15 சதவீதம் பாக்கி என்று அர்த்தமில்லை. அம்மாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். கட்டியிலிருந்து எடுத்த சிறு துண்டுக்குச் சாயம் ஏற்றி, பி.டி-எல்1 என்ற புரதம் எந்தெந்தச் செல்லில் பழுப்பாகத் தெரிகிறது என்று நோயியல் நிபுணர் எண்ணுகிறார். அந்த முட்டுக்கட்டையில் போய் மாட்டுகிற கை என்று பி.டி-எல்1-ஐ வைத்துக்கொள்ளுங்கள். கவனியுங்கள், அவர் புற்றுச்செல்லை மட்டும் எண்ணுவதில்லை. இடையில் நிற்கும் லிம்போசைட், மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்புச் செல்களில் பழுப்பானவற்றையும் சேர்த்து எண்ணி, உயிரோடிருக்கும் மொத்தப் புற்றுச்செல்களால் வகுத்து நூறால் பெருக்குகிறார். வாய், தொண்டைப் புற்றில் புற்றுச்செல்லை மட்டும் எண்ணிப் பார்ப்பதைவிட இந்தக் கூட்டுக் கணக்குதான் ஊசி பலிக்குமா என்று நன்றாகக் காட்டியது. ஆக, பல செல்கள் சேர்ந்து செய்யும் வேலை என்பது உங்கள் கையிலிருக்கும் காகிதத்திலேயே அச்சாகியிருக்கிறது.

அந்த 15-க்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. டி செல் புற்றைத் தாக்கும்போது இன்டர்பெரான் காமா என்ற வேதிப்பொருளைக் கொட்டும். அந்த வாசனை பட்டதும் சுற்றியுள்ள புற்றுச்செல்கள் தற்காப்புக்காக பி.டி-எல்1-ஐ மேலே தூக்கிவிடும். அதனால் பல சமயம் அந்தப் பழுப்பு நிறம், அங்கே ஏற்கெனவே ஒரு கைகலப்பு நடந்திருக்கிறது என்பதன் தடயம். ஆளே வராத இடத்தில் முட்டுக்கட்டை எதற்கு?

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயியல் நிபுணருடன் உட்கார்ந்து இருவர் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடுகளைப் பார்ப்பதுண்டு. டி செல்களுக்கு மட்டும் சாயம் ஏற்றியிருப்பார். சில கட்டிகளில் பழுப்புப் புள்ளிகள் மிளகு தூவியது போல உள்ளே எல்லா இடத்திலும் கிடக்கும். சிலவற்றில் ஒன்றுகூட இருக்காது. மூன்றாவது வகைதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பும். நூற்றுக்கணக்கில் வந்து, கட்டியின் ஓரத்தில் வேலிக்கு வெளியே வரிசையாக நிற்கும். உள்ளே ஒன்றும் போயிருக்காது. இந்த மூன்றாவது ஆளுக்கு டி செல் குறைவில்லை. உள்ளே கூப்பிட ஆளில்லை.

கூப்பிடுகிற ஆட்களில் முக்கியமானது டென்ட்ரிடிக் செல். செத்த புற்றுச்செல்லின் துணுக்குகளை விழுங்கி, நிணநீர் வழியாக அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகும். ‘நெறி கட்டியிருக்கு’ என்கிறோமே, அந்த நெறிதான். அங்கே கோடிக்கணக்கான டி செல்கள் வந்து போகும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் அறியும். டென்ட்ரிடிக் செல் துணுக்கை ஏந்திக் காட்டும்போது, அதற்குப் பொருந்துகிற டி செல் வந்து ஒட்டும். ஒட்டினால் மட்டும் போதாது. ‘இது ஆபத்துதான், கிளம்பு’ என்று டென்ட்ரிடிக் செல் இரண்டாவது சைகையும் தர வேண்டும். அது இல்லாமல் முதல் சைகை மட்டும் கிடைத்த டி செல் மரத்துப்போய்விடும். அந்த இரண்டாவது சைகையை உரக்கத் தர டென்ட்ரிடிக் செல்லுக்கு வேறொருவரின் தூண்டுதல் தேவை. உதவி டி செல் என்று ஒரு ரகம், சி.டி.4. அது வந்து டென்ட்ரிடிக் செல்லைத் தட்டி எழுப்பினால்தான், கொல்லும் டி செல்லான சி.டி.8 முழு வேகத்தில் புறப்படும். இதை 1998-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. அண்மையில் மனிதக் கட்டிகளை ஆராய்ந்தவர்கள், பி.டி-1 ஊசிக்கு நன்றாகப் பலன் கிடைத்தவர்களின் கட்டிக்குள் இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஊசி போட்ட பிறகும் இந்தப் பேச்சு நிற்பதில்லை. 2018-ல் எலிகளில் செய்த ஒரு சோதனை எனக்குப் பிடித்தமானது. பி.டி-1 மருந்து கொடுத்ததும் டி செல் இன்டர்பெரான் காமாவை வெளியிட்டது. அதை உணர்ந்த டென்ட்ரிடிக் செல் ஐ.எல்.-12 என்ற பதில் செய்தியை அனுப்பியது. அது வந்த பிறகுதான் டி செல் புற்றை முழுமையாகக் கொன்றது. நடுவில் ஐ.எல்.-12-ஐத் தடுத்ததும் மருந்து வேலை செய்யவில்லை. மருந்து பிடித்தது டி செல்லைத்தான், ஆனால் டென்ட்ரிடிக் செல் வாய் திறக்காவிட்டால் பலன் இல்லை.

இப்போது என்.கே. செல்லுக்கு வருவோம். கிளினிக்காரர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. புற்றுச்செல் சில சமயம் டி செல்லிடமிருந்து தப்ப, தன் அடையாள அட்டையையே கழற்றி வைத்துவிடும். அட்டை இல்லாத ஆளை டி செல்லுக்குத் தெரியாது. என்.கே. செல் அட்டை இல்லாதவனைத்தான் பிடிக்கும். ஸ்வீடனில் கிளாஸ் கேர்ரே 1980-களில் கண்டு சொன்ன விஷயம் இது. அந்த வகையில் இரண்டும் ஒன்றின் குறையை ஒன்று நிரப்புகின்றன. ஆனால் வாய், கழுத்துக் கட்டி போன்ற திடக் கட்டிகளில் என்.கே. செல்லின் பெரிய உபயோகம் கொல்வதைவிடக் கூப்பிடுவதில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2018-ல் வந்த ஆய்வுகளில், கட்டிக்குள் இருக்கும் என்.கே. செல்கள் சில வேதிச் சமிக்ஞைகளை விட்டு டென்ட்ரிடிக் செல்களை வரவழைப்பது தெரிந்தது. டென்ட்ரிடிக் செல் வந்தால் டி செல் வரும். கட்டி இதைத் தடுக்க ஒரு வழி வைத்திருக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருளைச் சுரந்து, என்.கே. செல்லின் வாயை அடைத்துவிடும்.

அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கும் மாத்திரை எது தெரியுமா? அப்பாவின் மருந்து டப்பாவில் இருக்கும் செலிகாக்சிப். மூட்டு வலிக்கு எழுதுகிற சாதாரண மாத்திரை. இந்த விளைவு எலிகளில் பார்த்தது. அப்பாவின் கட்டிக்குள்ளும் இப்படித்தான் நடக்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 7 லட்சம் கொடுத்து என்.கே. செல்லை ஏற்றுவதா, ஏற்கெனவே உடம்பில் இருக்கும் என்.கே. செல்லின் வாயை அவிழ்த்துவிடுவதா என்று கேட்டால் என் பதில் உங்களுக்கே தெரியும். ஏற்றிய செல்கள் இரத்தத்தில் அதிக நாள் தங்குவதில்லை. தங்குபவையும் பெரும்பாலும் அந்த வேலிக்கு வெளியேதான் நிற்கின்றன. நாக்குப் புற்றுக்கு என்.கே. செல் ஏற்றும் எந்தச் சிகிச்சைக்கும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ.வின் ஒப்புதல் கிடையாது. ஆராய்ச்சிக்கான சோதனைகள் நடக்கின்றன, உண்மை. முறையான சோதனையில் சேருபவரிடம் அந்தச் செல்லுக்கென்று 7 லட்சம் வாங்க மாட்டார்கள். அதை வைத்தே நீங்கள் தரம் பிரித்துவிடலாம்.

மனையை விற்காதீர்கள்.

‘ஒரே செல்லை ஏற்றித்தானே கார்-டி சிகிச்சையில் குணமாக்குகிறார்கள்’ என்று அங்கே சொல்வார்கள். நோயாளியின் டி செல்லையே வெளியே எடுத்து, புற்றைப் பிடிக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றுவதுதான் கார்-டி. ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் கிடைத்தது, பெருமைதான். ஆனால் அது சில வகை இரத்தப் புற்றுக்கு. அங்கே வேலி கிடையாது. அநேகமாக எல்லாப் புற்றுச்செல்லும் சி.டி.19 என்ற ஒரே கொடியைப் பிடித்துக்கொண்டு இரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் திரிகின்றன. அங்கேகூடத் தனிக்கச்சேரி இல்லை. கார்-டி ஏற்றிய சில நாளில் வரும் கடும் காய்ச்சலுக்குக் காரணமான ஐ.எல்.-6 என்ற வேதிப்பொருளைப் பெருமளவு கொட்டுவது ஏற்றிய செல் இல்லை, நோயாளியின் சொந்த மேக்ரோபேஜ்கள். 2012-ல் அமெரிக்காவில் எமிலி ஒயிட்ஹெட் என்ற சிறுமி அந்தக் காய்ச்சலில் சாகக் கிடந்தாள். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் டோசிலிசுமாப் ஊசி ஐ.எல்.-6-ஐத் தடுத்து அவளைக் காப்பாற்றியது.

டென்ட்ரிடிக் செல்லைக் கண்டுபிடித்த ரால்ப் ஸ்டைன்மனுக்குக் கணையப் புற்று வந்தது. தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த செல்லையே தடுப்பூசியாக்கி ஏற்றிக்கொண்டார். ஆனால் அவரும் அதை மட்டும் நம்பவில்லை. ஆபரேஷனும் கீமோவும் எடுத்துக்கொண்டார். 2011-ல் நோபல் பரிசை அறிவிப்பதற்கு மூன்று நாள் முன்பு காலமானார். அவருக்கில்லாத ரகசியம் அந்தக் கிளினிக்கில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எல்லாரும் நல்லவர்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். கட்டிக்குள் நுழைந்த மேக்ரோபேஜ்கள் பல கட்சி மாறிவிடும். புற்றைத் தின்ன வந்தவை, அதற்கு இரத்தக்குழாய் போட்டுக் கொடுத்து டி செல்லுக்கு வழி மறிக்கும். அடக்கும் டி செல் என்று ஒரு ரகம் இருக்கிறது. 2025-ல் ஷிமோன் சாகாகுச்சி, மேரி பிரங்கோவ், பிரெட் ராம்ஸ்டெல் மூவரும் நோபல் வாங்கியது அதைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான். அது இல்லையென்றால் நம் உடம்பை நாமே தின்றுவிடுவோம். ஆனால் புற்று அதையும் தன் பக்கம் இழுத்துக் காவலுக்கு வைத்துக்கொள்ளும். ‘எதிர்ப்பு சக்தி கூட்டும்’ பொடிக்கு எந்தச் செல்லைக் கூட்டுவது என்று தெரியாது. அம்மா கஷாயம் கொடுத்தால், என்ன போட்டார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் போகும்போது கல்லீரலுக்கு வேறு சுமை வேண்டாம். காய்ச்சல், சளி என்று மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்குவதும் வேண்டாம். குடல் கிருமிகளுக்கும் இந்த ஊசியின் பலனுக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது.

‘20 மில்லிகிராம்தானா, காசில்லாதவர்களுக்கு என்று குறைத்துக் கொடுக்கிறார்களா?’ நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது காதில் போட்டிருப்பார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஆனால் டி செல்லின் மேலுள்ள பி.டி-1-ஐ மூட அவ்வளவு தேவையில்லை. மிகச் சிறிய அளவிலேயே பெரும்பாலானவை மூடிவிடுகின்றன, அதற்கு மேல் ஊற்றினால் வழிவதுதான். அப்பாவுக்குத் தரும் இதே முறையை, மூன்று மாத்திரையோடு 20 மில்லிகிராம் நிவோலுமாப் என்று, மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 151 பேரிடம் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதம். ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். நம் ஊர் நோயாளிகளிடமே செய்து, நம் ஊர் பர்ஸுக்கு எட்டும்படி வந்த விடை அது. அதே எண்ணில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஊசி போட்டும் பாதிப் பேருக்கு மேல் அந்த ஓராண்டைத் தாண்டவில்லை. மனையை வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். வரும் மாதங்களில் வலி மருந்துக்கும், சாப்பாட்டுக் குழாய்க்கும், நீங்கள் லீவு போட்டு அப்பா பக்கத்தில் உட்காரவும் பணம் தேவைப்படலாம்.

டாக்டரைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்டீராய்டை எந்த அளவிலிருந்து திரும்ப ஆரம்பிப்பது? எர்லோடினிப்பாலும் பேதி வரும், செலிகாக்சிப் வயிற்றைப் பாதிக்கும். இந்த இரண்டையும் இப்போதைக்குத் தொடரலாமா? நான்காவது ஊசியைத் தள்ளிப்போடுவதா, நிறுத்துவதா? பேதி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைப் பொறுத்து அவர் முடிவு செய்வார். எந்தத் தேதியில் எத்தனை தடவை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

கிளம்பும்போது மருந்து டப்பாவை அப்படியே எடுத்துப் போங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கிற மாத்திரை. தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளணுக்கள் சரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சமையலறைக் காலண்டரில் அந்தக் கிழமைக்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள். அந்தப் பொறுப்பை உங்கள் தம்பியிடமே கொடுங்கள்.